பட்டமும் வேண்டும், அறிமுகமும் வேண்டும்

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் படிப்பின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். படி, படி என்று சொல்லாத மேடை இல்லை. நானும் அதைத்தான் வகுப்பில் ஓயாமல் சொல்லி வருகிறேன். ஆனால் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் படித்து முடிக்கிற நேரத்தில் வருகிற ஒரு சங்கடம். பல்கலைக் கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள், வேலைக்கு வழி தேடிக்கொள்வதற்காக, தொழில் செய்வோர் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும் இணையத் தளங்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அத்தகைய தளங்களில் இன்று பெரியது லிங்க்டின்.

"என்னா டீச்சர், ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்குப் பரிசு கொடுக்கிற இடத்துல பல்கலைக் கழகப் பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். இந்தப் பள்ளியில் படித்துவிட்டு இன்று பல்கலைக் கழகத்திலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கே நிற்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளும் பத்தாண்டு கழிந்தால் அதே இடத்தில் நிற்கப் போகிறவர்கள்தாம். ஆகவே இந்தப் பேச்சு எல்லாருக்கும் உரியதே.

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் வேலை தானாக வந்து கதவைத் தட்டும் என்ற நம்பிக்கை. அப்பா அம்மா பாடுபட்டார்கள், பிள்ளை கண்விழித்துப் படித்தது, கடனும் வாங்கியாயிற்று, இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் பட்டம் என்பது உள்ளே நுழையத் தகுதி உண்டு என்று சொல்லும் சீட்டு மட்டுமே. எந்தக் கதவு, எந்த நாள், எந்த நேரத்தில் திறக்கும் என்பதை அந்தச் சீட்டு சொல்வதில்லை. அதை யாராவது ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

நம் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். பிள்ளை நன்றாகப் படித்துப் பொறியியல் துறைக்குப் போனாள். மூன்றாம் ஆண்டு முடிவில் எல்லா மாணவரும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி பெற்றாக வேண்டும். வகுப்பில் ஒருத்திக்குச் சித்தப்பா தொழிற்சாலையில் மேலாளர், இன்னொருவனுக்கு அப்பாவின் நண்பர் பொறியாளர். அவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டது. இவளோ ஒரு நிறுவனத்திற்கு இரண்டு தரம் விண்ணப்பம் அனுப்பினாள். பதிலே இல்லை. "டீச்சர், எங்க வீட்ல யாருக்கும் ஆபீசு பக்கம் ஆளே தெரியாது" என்று என்னிடம் வந்து சொன்னாள். அவள் மதிப்பெண் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவளிடம் இல்லாதிருந்தது அறிமுகம் ஒன்றுதான்.

இந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். நம் முன்னோர் மலாயாவுக்கு வந்ததே அறிமுகத்தின் வழியாகத்தான். தோட்டத்துத் துரை ஒரு தொழிலாளியைக் கங்காணியாக்கி, கையில் உரிமச் சீட்டும் பணமும் கொடுத்து, அவனுடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். அவன் தன் சொந்தபந்தத்தையும் ஊர்க்காரரையும் சேர்த்துக்கொண்டு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறுவான். பினாங்கில் இறங்கினால் ஜெரெஜாக் தீவில் தொற்று நோய்க்காகத் தடுத்து வைப்பார்கள். பிறகு தோட்டம். 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் இத்தகைய ஆள் கொண்டுபோவதைத் தடை செய்கிற வரையில் இந்த முறை நடந்தது. அதாவது, நம் பாட்டன் பூட்டனுக்கு வேலை கிடைத்ததே தெரிந்தவர் மூலமாகத்தான். அந்தத் தெரிந்தவர் கடனையும் சேர்த்துக் கட்டிவிட்டார் என்பது வேறு கதை.

அப்படி வந்தவர்கள் எல்லாரும் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள். ஒரே பெரட்டுக் களத்தில் நின்றார்கள், ஒரே கோயிலில் கும்பிட்டார்கள். அந்த ஒற்றுமையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். கஷ்டம் என்றால் லயமே ஓடி வரும். சாவுக்கும் வாழ்வுக்கும் தோள் கொடுப்பது அந்தச் சனம்தான். ஆனால் வேலைச் செய்தி என்று வரும்போது அதில் ஒரு குறை இருக்கிறது. லயத்தில் ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியாதது யாருக்குமே தெரியாது.

இதே பினாங்கில், ஜார்ஜ்டவுனில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்திருந்தார்கள். ஒரே நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியடி போட்டு வரிசையாக உட்கார்ந்து வட்டித் தொழில் பார்த்தார்கள். ஊரிலிருந்து வரும் பையன் அங்கேயே இருந்து, யார் நம்பிக்கையானவர், எங்கே என்ன விலை போகிறது, எந்தக் கடைக்கு ஆள் வேண்டும் என்பதையெல்லாம் காதால் கேட்டே தொழில் பழகிக்கொண்டான். பணம் ஒரு முதல் என்றால், அந்தக் கூடத்தில் நடமாடிய செய்தி இன்னொரு முதல். தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு கூடம் வாய்க்கவில்லை. இதைப் பொறாமையால் சொல்லவில்லை. செய்தி கூடுகிற இடத்தில் இருப்பவன் முன்னேறுகிறான் என்பதற்காகவே சொல்கிறேன்.

இது நம் ஊர் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் என்பவர் 1973ஆம் ஆண்டு புகழ்பெற்ற ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகருக்கு அருகில் புதிதாக வேலை மாறிய படித்தவர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களைப் பார்த்து, "அந்தத் தெரிந்தவரை நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பீர்கள்?" என்று கேட்டார். 100க்கு ஏறக்குறைய 17 பேர்தான் அடிக்கடி சந்திப்பவர் என்றார்கள். 55 பேர் எப்போதாவது சந்திப்பவர் என்றார்கள். மீதி 28 பேர் மிக அபூர்வமாகச் சந்திப்பவர் என்றார்கள். காரணம் எளியது. உயிர்த் தோழனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். புதுச் செய்தி கொண்டு வருகிறவர் சற்றுத் தூரத்தில் இருப்பவர்தான். லயத்தைப் பற்றி நான் முன்னே சொன்னதும் இதுவும் ஒன்றே.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் சயன்ஸ் என்னும் அறிவியல் இதழில் இன்னோர் ஆய்வு வந்தது. அது லிங்க்டின் தளத்திலேயே நடந்தது. 2 கோடி உறுப்பினர்கள், 5 ஆண்டுக் காலம், அதற்குள் கிடைத்த 6 லட்சம் வேலைகள் என்று அளவு பெரியது. அதுவும் ஏறக்குறைய அதே முடிவைச் சொன்னது. மிக நெருங்கியவரைவிட, ஓரளவு தூரத்தில் இருக்கும் அறிமுகக்காரரே வேலை மாற அதிகம் உதவுகிறார். ஆனால் ஒரு திருத்தமும் சொன்னது. அறவே ஒட்டாத அளவுக்குத் தூரமாகிவிட்டாலும் பயன் குறைகிறது. நடுத்தரமான பழக்கமே நல்லது. ஆகவே கண்ட பேரையெல்லாம் ஆயிரக் கணக்கில் சேர்த்து வைப்பதில் பெருமை ஒன்றுமில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி அந்தத் தளத்தைப் பற்றிச் சொல்கிறேன். லிங்க்டின் 2002ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவாகி, 2003 மே மாதத்தில் பொதுமக்களுக்குத் திறந்தது. 2016ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதை வாங்கியது. இன்று 100 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். சேருவதற்குக் காசில்லை. 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே என் வகுப்புச் செல்வங்களே, நீங்கள் இன்றே ஓடிப்போய்த் திறந்துவிடாதீர்கள்!

முகநூலில் பிறந்தநாளும் பிரியாணியும் போடுவார்கள். இங்கே அதற்கு இடமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் பெயர், ஒழுங்கான ஒரு படம், என்ன படிக்கிறார், எங்கே பயிற்சி பெற்றார், என்னென்ன செய்யத் தெரியும் என்பன இருக்கும. உங்களுக்கு நேரே தெரிந்தவர்கள் முதல் வட்டம். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் இரண்டாம் வட்டம். அவர்களுக்கும் தெரிந்தவர்கள் மூன்றாம் வட்டம். இந்த வட்டங்களைக் கண்ணெதிரே காட்டுவதுதான் அத்தளத்தின் சிறப்பு. கிட்டங்கிக் கூடத்தைப் போன்ற ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நுழைய இன்ன ஊர், இன்ன குலம் என்று யாரும் கேட்பதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பல்கலைக் கழகத்திற்கும் தனிப்பக்கம் இருக்கிறது. அதில் பழைய மாணவர் பகுதியைத் திறந்தால், அங்கே படித்தவர்கள் இப்போது எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று வகை பிரித்துக் காட்டும். நம் மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1969ல் இந்தப் பினாங்கில்தான் தொடங்கியது. அதன் பொறியியல் வளாகம் 2001 முதல் நிபோங் திபாலில், தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அத்தனை ஆண்டுகளாக அங்கே படித்து வெளியேறியவர்களில் எத்தனையோ பேர் இன்று பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இன்றைய மாணவருக்கும் ஒரே விரிவுரை மண்டபம், ஒரே உணவகம். அந்த ஒரு சொந்தம் போதும், இரண்டு வரி எழுதுவதற்கு.

நான் சொன்னேனே அந்த மாணவி, அவள் அதைத்தான் செய்தாள். தன் துறையில் தனக்கு முன் படித்தவர்களாகப் பார்த்து முப்பது பேருக்கு எழுதினாள். வேலை கொடுங்கள் என்று எழுதவில்லை. "ஐயா, நான் இன்ன வளாகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தாங்களும் இதே துறையில் படித்தவர் என்று கண்டேன். மாணவராக இருந்தபோது கற்றவற்றில் எது தங்களுக்கு வேலையில் மிகவும் உதவியது? நேரமிருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்." அவ்வளவுதான் கடிதம். முப்பதில் நான்கு பேர் பதில் எழுதினார்கள். நான்கில் ஒருவர், தம் நிறுவனத்தில் பயிற்சி மாணவரை எந்த மாதம் எடுப்பார்கள், எந்தப் பகுதிக்கு எழுத வேண்டும் என்று சொன்னார். இவள் முறைப்படி விண்ணப்பித்தாள், நேர்முகத் தேர்வுக்குப் போனாள், இடம் கிடைத்தது. "அவரு வேலை வாங்கித் தரலை டீச்சர். கதவு எங்க இருக்குன்னு காட்டினாரு. தட்டினது நான்தான்" என்றாள். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு மனக்கசப்பு வரலாம். "ஆள் பார்த்துக் கொடுக்கிற வேலைதானே இது? சிபாரிசு தப்புன்னு சொல்லித்தானே பிள்ளைய வளர்த்தோம்? யார் காலையும் பிடிக்காம வாழணும்னுதானே படிக்க வச்சோம்?" என்பீர்கள். அந்தத் தன்மானத்தை நான் தலைவணங்கி மதிக்கிறேன். ஆனால் சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு. தகுதி இல்லாதவனைத் தகுதி உள்ளவனுக்கு முன்னே தள்ளிவிடுவது சிபாரிசு. தகுதி உள்ளவன் இருக்கிறான் என்பதைத் தெரியப்படுத்துவது அறிமுகம். முன்னது இன்னொருவர் வயிற்றில் அடிப்பது. பின்னதால் யாருக்கும் நட்டமில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த அறிமுகம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. நம் பிள்ளைகள் அதை எழுதித்தான் பெற வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொரு தயக்கமும் உண்டு. தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதனால் தன் பக்கத்தில் தான் செய்ததை எழுதவே நம் மாணவர்கள் கூசுகிறார்கள். அவர்களுக்கு நம் இலக்கணமே விடை சொல்கிறது. பவணந்தி முனிவர் தம் நன்னூலில், படித்தவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று நான்கு இடங்களைக் காட்டியிருக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது. பெரிய சபையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது. எதிராளி தன்னைப் பழிக்கும்போது. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது அரசவைக்கு ஓலை அனுப்புவது போலத்தானே? நம்மை அறியாதவர் முன்னே நிற்பதுதானே அது? ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வார விடுமுறையில் கடையில் வேலை பார்த்தீர்களா, எழுதுங்கள். கோயில் திருவிழாவுக்குக் கணக்கு எழுதினீர்களா, எழுதுங்கள். தம்பி தங்கைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுத்தீர்களா, அதையும் எழுதுங்கள். பொறுப்பை ஏற்று நடத்தியதற்கு அவையெல்லாம் சாட்சி. இல்லாததை மட்டும் எழுதாதீர்கள். நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே பொய் வெளுத்துவிடும்.

எப்போது தொடங்குவது? பட்டமளிப்பு அங்கியைக் கழற்றிய பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். முதலாண்டிலேயே பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் தம் துறையில் முன்னே போனவர்களைத் தேடிப் படிக்க வேண்டும். அவர்கள் எந்த வழியாக எங்கே சென்றார்கள் என்று பார்த்தாலே பாதித் தெளிவு பிறக்கும். மூன்றாம் ஆண்டில் எழுதத் தொடங்க வேண்டும். வாரம் ஒரு கடிதம் போதும். பதில் வந்தால் அன்றே நன்றி எழுத வேண்டும். வராவிட்டால் வருத்தப்படாமல் அடுத்தவருக்கு எழுத வேண்டும். வேலை கிடைத்த பிறகு, வழி சொன்னவருக்கு மறவாமல் செய்தி சொல்ல வேண்டும். இதில் கம்ப்யூட்டர் வித்தை ஒன்றும் இல்லை. பெரிய மனிதர் வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வோமோ அந்த மரியாதைதான்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வேலையும் அங்கே இல்லை. அரசாங்க வேலை வேண்டும் என்றால் பொதுச் சேவை ஆணையத்தின் தளத்தில் பதிய வேண்டும். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளம் இருக்கிறது. 1997ல் நம் நாட்டிலேயே தொடங்கிய ஜாப்ஸ்ட்ரீட் இருக்கிறது. அவற்றையும் பார்க்க வேண்டும். மேலும், எவ்வளவு அறிமுகம் இருந்தாலும் மலாயும் ஆங்கிலமும் தடுமாறினால், கைத்திறன் இல்லையென்றால், திறந்த கதவும் மூடிக்கொள்ளும். படிப்புக்கு மாற்றாக இதை நான் சொல்லவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பயம் எனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவரோடு பிள்ளை பேசுகிறதே, அதிலும் பெண் பிள்ளை ஆயிற்றே என்ற பயம். அந்தப் பயம் வேண்டியதுதான். 2022ஆம் ஆண்டில், நல்ல சம்பளம் என்று ஆசை காட்டப்பட்டு, கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசியர் பலர் மோசடிக் கூடங்களில் அடைபட்டுத் தவித்தார்கள். அவர்களை மீட்டுவர நம் அரசாங்கம் பெரும்பாடு படவேண்டியதாயிற்று. ஆகவே சில விதிகளை மனத்தில் பதியுங்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால், அது முன்பணமோ, பயிற்சிக் கட்டணமோ, என்ன பெயராக இருந்தாலும், அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். அடையாளக் கார்டு எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வீட்டு முகவரியையும் அந்தப் பக்கத்தில் போடாதீர்கள். நேர்முகத் தேர்வு என்றால் நிறுவனத்தின் அலுவலகத்தில்தான். ஓட்டல் அறையிலோ ஆளில்லாத கடைவீட்டிலோ என்றால் போகாதீர்கள். நிறுவனத்தின் சொந்தத் தொலைபேசிக்கு அழைத்து, இப்படி ஒரு வேலை உண்டா என்று விசாரியுங்கள். ஏமாந்து பணம் கைமாறிவிட்டால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பணம் வேறு கணக்குக்கு ஓடுவதற்கு முன் தடுக்க வேண்டுமானால் தாமதம் கூடாது.

பயத்தோடு சேர்த்து அக்கறையும் காட்டுங்கள். "எப்பப் பார்த்தாலும் போனை நோண்டிக்கிட்டு" என்று திட்டுவதோடு நின்றுவிடாமல், "இன்னிக்கு யாருக்கு எழுதின? என்ன பதில் வந்திச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு அந்தத் தளம் புரிய வேண்டியதில்லை. பிள்ளை தனியாக இல்லை என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

காலம் மாறிவிட்டதைக் கண்ணால் பார்க்கிறோம். 1972ல் பாயான் லெப்பாஸில் தீர்வையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கேதான் திறந்தது. ஒரு காலத்தில் கரும்பும் பின்னர் செம்பனையும் விளைந்த பத்து காவானைப் பாருங்கள். 2014ல் திறந்த இரண்டாம் பாலம் அங்கிருந்துதான் கடலைக் கடந்து தீவுக்குப் போகிறது. 2021ல் லேம் ரிசர்ச், 2023ல் பாஷ் நிறுவனத்தின் மின்சில்லுச் சோதனைக் கூடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்துவிட்டன. நம் சனம் நெற்றி வேர்வை சிந்திய மண்ணிலேயே அவை நிற்கின்றன. வாசலில் தொங்கும் "ஆள் தேவை" பலகை பெரும்பாலும் இயந்திரம் இயக்குவோருக்காகத்தான். பொறியாளரும் கணக்காளரும் வேண்டும் என்ற செய்தி அந்தப் பலகையில் வருவதில்லை. அது வேறு கூடத்தில் நடமாடுகிறது. அந்தக் கூடத்தில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டும் என்பதே என் ஆசை.

இனி ஒரு வேண்டுகோள். அது இந்தப் பள்ளியில் படித்து மேலே போனவர்களுக்கு. நீங்கள் பொறியாளராக இருக்கலாம், தாதியாக, வழக்கறிஞராக, வங்கி அதிகாரியாக இருக்கலாம். பள்ளிக்கு நாற்காலி வாங்கிக் கொடுக்கிறீர்கள், பரிசுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் காசில்லாத ஓர் உதவி இருக்கிறது. முகம் தெரியாத தோட்டத்துப் பிள்ளை ஒன்று உங்களுக்கு இரண்டு வரி எழுதினால், பத்து நிமிடம் ஒதுக்கிப் பதில் போடுங்கள். மாதம் ஒரு பிள்ளைக்குப் போதும். முப்பது கடிதத்திற்கு நான்கு பதில் என்ற கணக்கு எட்டாகட்டும், பத்தாகட்டும். நமக்கு முன்னே யாரும் இல்லாமல்தான் நாம் ஏறி வந்தோம். பின்னே வருகிறவர்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் ஒன்று சொல்கிறேன். நம்மிடம் பழைய மாணவர் பெயரேடு இல்லை. யார் எங்கே படிக்கிறார், என்ன வேலை பார்க்கிறார் என்று ஓர் ஏடு தொடங்குவோம். அவரவர் சம்மதம் பெற்றே பெயரைப் பதிவோம். பல்கலைக் கழகத்திற்குப் போகும் பிள்ளைக்கு, மாலை மரியாதையோடு, தன் துறையில் முன்னே போன இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்து அனுப்புவோம். இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவர்கள், பள்ளி அலுவலகத்தில் தங்கள் பெயரைக் கொடுக்க இன்றே வரலாம். ஏட்டை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக என் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. "நான்" என்ற தலைப்பில் பத்து வாக்கியம் எழுதுங்கள். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில். உங்கள் பெயர், உங்கள் தோட்டம், அப்பா அம்மா செய்யும் தொழில், உங்களுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்தது ஒன்று, இன்னும் கற்றுக்கொள்ள விரும்புவது ஒன்று. கூச்சமில்லாமல், பொய்யில்லாமல் எழுதிப் பழகுங்கள். திங்கட்கிழமை காலை வகுப்பில் முதல் வேலையாக ஒவ்வொருவரும் எழுந்து நின்று படிக்க வேண்டும். பரிசு வாங்கியவர்களும்தான், வாங்காதவர்களும்தான்.